இருங்க, வாரேன்

மாசி மாதக் கடைசி. வெயில் உச்சிக்கு ஏறியிருந்த நேரத்தில், நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்த மாட்டுவண்டி ராமாயியைத் தோட்டத்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பியது. கையில் ஒரு துணிமூட்டை, மடியில் அம்மா கட்டிக்கொடுத்த எள்ளுருண்டை. தாய்வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறாள். அங்கே அவள் செய்த ஒரே வேலை தூங்கியதுதான். நாலு வருஷத் தூக்கம் பாக்கி இருந்தது. கிளம்பும்போது அம்மா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, "போயிட்டு வா சாமி" என்றாள். "வாரேம்மா" என்று ஏறி உட்கார்ந்தவள் வழியெல்லாம்கூடத் தூங்கிக்கொண்டுதான் வந்தாள்.

1937-ஆம் வருஷத்தில் அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகள் அவரவர் நிலத்து நடுவில் தனித்தனியாகத்தான் இருக்கும். இதுவும் அப்படித்தான். நாலு பக்கமும் கடலைக்காடு, வடக்கே கிணறு, கிணற்றிலிருந்து வரும் வாய்க்கால், வாய்க்கால் ஓரம் துவைக்கிற கல். அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டுமானால் கையை வாயில் குவித்துக் கத்த வேண்டும்.

புருஷன் நாச்சிமுத்து மூட்டையை வாங்கி உள்ளே வைத்தான். நல்ல மனுஷன், வாய் மட்டும் கொஞ்சம் சிக்கனம். "வந்துட்டியா" என்று கேட்டான். பிறகு கவலை ஓட்ட மாடு காத்துக்கொண்டிருக்கிறது என்று கிணற்றுக்குப் போய்விட்டான். மாட்டைப் பூட்டித் தோல்பறியில் தண்ணீர் இறைப்பதற்கு எங்கள் பக்கத்தில் கவலை என்று பெயர். மனசில் கிடக்கிற கவலைக்கும் அதே பெயர்தான். அதை இறைக்கத்தான் மாடு கிடைப்பதில்லை.

உள்ளே நுழைந்ததும் ஜன்னல் சாத்தியே கிடந்த வீட்டின் புழுக்கம் முகத்தில் அடித்தது. அதற்கடியில் இன்னொரு வாசம். வேப்பெண்ணெயும், நனைந்து காய்ந்த துணியும். போவதற்கு முன் மூன்று முறை சாணி போட்டு மெழுகிவிட்டுத்தான் போயிருந்தாள். நாலு வருஷத்து வாசம் ஒரு மாதத்தில் போய்விடுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மேற்கு அறையில் கயிற்றுக் கட்டில் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தது. மாமியார் பொன்னாத்தாள் நாலு வருஷம் கிடந்து, தை மாதம் உயிரை விட்ட கட்டில். பிரித்துப் போட்டுவிடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். நாச்சிமுத்துவுக்குக் கை வரவில்லை.

பொன்னாத்தாள் மருமகளைப் படுத்தி வைத்த மாமியார் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி இருந்திருந்தால் ராமாயிக்கு எவ்வளவோ சுலபமாகப் போயிருக்கும். பதினேழு வயசில் வாக்கப்பட்டு வந்தவளுக்குப் பதினாறு வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி மாமியார் ஒரு நாள் ஒரு பொழுது வாய் திறந்ததில்லை. சந்தையில் ஒருத்தி அதைக் குத்திப் பேசினாள் என்று, அன்றோடு அவள் வீட்டு வாசல்படி மிதிப்பதையே விட்டுவிட்டாள். நாச்சிமுத்து கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய மூக்கு வைத்த வெண்கலப் பாலாடையைப் புளி போட்டுத் துலக்கி, பரணில் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தாள். யாருக்கென்று சொன்னதில்லை. ராமாயிக்குத் தெரியும்.

அந்தப் பாலாடையில் கடைசியில் கஞ்சி குடித்தது பொன்னாத்தாள்தான்.

நாலு வருஷத்துக்கு முன் களத்தில் கடலைக்காய் காயப் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ராசிபுரத்திலிருந்து வந்த வைத்தியர் ஒரு தைலத்தைக் கொடுத்துவிட்டு, இருக்கிறவரை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போய்விட்டார். அன்றிலிருந்து பார்த்தது ராமாயி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். துணி மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும். வேப்பெண்ணெய் தடவி முதுகைப் பார்க்க வேண்டும். கம்மங்கஞ்சியை வடிகட்டிப் பாலாடையில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உள்ளே போவது பாதி, வலது கடைவாயில் வழிவது பாதி. வழிந்ததை முந்தானையால் துடைப்பாள். அப்போது மாமியார் இடது கையால் அந்த முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். லேசில் விட மாட்டாள்.

நாச்சிமுத்துவின் அக்கா, சங்ககிரியில் வாழ்கிற காளியாத்தாள், வருஷத்துக்கு இரண்டு தரம் வந்தாள். புருஷனின் அக்காவை நங்கையாள் என்போம். நங்கையாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருவாள், அம்மாவைப் புரட்டி முதுகைப் பார்ப்பாள், புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ராமாயிக்குச் சொல்லிக்கொடுப்பாள், சாப்பிட்ட இலை எடுப்பதற்குள் வண்டியேறிவிடுவாள். சொல்லிக்கொடுக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

விழுந்த அன்றைக்கே மாமியாருக்குப் பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. சாமி.

எங்கள் பக்கத்தில் பெரியவர்களும் சாமி, தொட்டில் பிள்ளையும் சாமி, பிரியமானவர்கள் எல்லோரும் சாமி. வாழ்நாளெல்லாம் வாயில் புழங்கிய சொல் என்பதால் அது மட்டும் போகாமல் நின்றதோ என்னவோ. எல்லாவற்றுக்கும் அதுதான். ராமாயி அதைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் கடைசி எழுத்து மேலே ஏறும். புரட்ட வேண்டுமென்றால் முதலெழுத்து நீளும், சா...மி என்று. துணி நனைந்துவிட்டால் வெட்கப்பட்டு, வாய்க்குள்ளேயே மெல்ல வரும். அடுப்படியிலோ தொழுவத்திலோ துவைக்கிற கல்லிலோ இருக்கிற ராமாயி ஒவ்வொரு தரமும் ஒரே பதிலைச் சொல்வாள்.

"இருங்க அத்தை, வாரேன்."

நாலு வருஷம், விழித்திருந்த நேரமெல்லாம் இதைச் சொன்னாள். சொல்லிச் சொல்லி அது பேச்சாக இல்லாமல் மூச்சு மாதிரி ஆகிவிட்டது.

வந்த அன்று அடுப்பைப் பற்றவைத்து, உலை வைத்துவிட்டு, அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெளியே ஒரு காக்கைகூட இல்லை. கிணற்றுப் பக்கமிருந்து கவலையின் உருளை கிறீச்சிடுவது மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

"சாமி."

கடைசி எழுத்து மேலே ஏறியிருந்தது.

"இருங்க அத்தை, வாரேன்" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செம்பில் தண்ணீர் மொண்டாள். பாலாடையை எடுக்கப் பரணுக்குக் கையை நீட்டினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

உலை கொதித்து மூடி தடதடக்கிறவரை அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு செம்போடு மேற்கு அறை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கட்டில் சுவரில் சாய்ந்து நின்றது. ஜன்னல் வெயில் தரையில் கட்டமாக விழுந்திருந்தது. வேறொன்றுமில்லை. பழக்க தோஷம் என்று சொல்லிக்கொண்டு, செம்புத் தண்ணீரைத் தானே குடித்தாள். புருஷனிடம் சொல்லவில்லை. ஒரு மாதம் தூங்கி எழுந்து வந்தவள் முதல் நாளே இதைச் சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்.

மறுநாள் அதே உச்சிப் பொழுதில் முதலெழுத்து நீண்டது.

மூன்றாம் நாள், வெட்கப்பட்ட குரல்.

கூடவே வாசமும் வந்தது. ராமாயி மேற்கு அறைக்குள் போய்க் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. கையை முகர்ந்தாள். நாலு வருஷம் கையில் ஒட்டியிருந்த அதே வாசம்.

ஐந்தாம் நாள் அறைக்குள் போனபோது கட்டில் விரித்துப் போட்டிருந்தது.

நாச்சிமுத்து சோற்றுக்கு வந்தபோது, "கட்டில நீங்க போட்டீங்களா?" என்று கேட்டாள். தான் எதற்குப் போடுகிறேன், அந்த அறைக்குள் போயே எத்தனையோ நாளாகிறது என்றான். பொய் சொல்கிறவன் இல்லை. அவன் போனபிறகு அவள் மறுபடியும் போய்ப் பார்த்தாள். கயிறு நடுவில் தொய்ந்திருந்தது. வலது பக்கம் கொஞ்சம் அதிகமாக. கனம் கூடிப்போன கையும் காலும் கிடந்த பக்கம். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

வெதுவெதுவென்று இருந்தது.

அடுத்த நாள் உச்சி நெருங்கியதும் வீட்டைச் சாத்திவிட்டுக் கிணற்றுக்கு ஓடினாள். கூட ஆள் இருந்தால் ஒன்றும் வராது என்று ஒரு தைரியம். வாய்க்காலில் பாத்திக்குத் தண்ணீர் திருப்புகிற மாதிரி நின்றுகொண்டாள். நாச்சிமுத்து மாடுகளைச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தான். வீட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் அவசரம் கூடியது. நாச்சிமுத்து தலையைக்கூடத் திருப்பவில்லை.

மாடு இரண்டும் நின்றுவிட்டன.

இரண்டும் காதை வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றன. சாட்டைக் கயிற்றைத் தட்டியும் நகரவில்லை. ராமாயி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஓடும்போதே அவள் வாய், "இருங்க அத்தை, வாரேன்" என்றது. சொன்னபிறகுதான் மாடு நகர்ந்தது.

அதற்குப் பிறகு அவள் எதிர்த்துப் பார்க்கவில்லை. பயத்தைவிட அலுப்பு பெரிசாக இருந்தது. உச்சிக்கு முன் கஞ்சி வடிகட்டி வைத்தாள். பாலாடையை எடுத்துவைத்தாள். குரல் கேட்கும்போது போய்க் கட்டில் ஓரத்தில் நின்றாள். நின்றால் அடங்கிவிடும். ஆளில்லாத கட்டிலுக்குப் பழைய துணியை மாற்றிப் போட்டாள், மாற்றியதைத் துவைத்தாள். தாய்வீட்டில் வைத்த சதையெல்லாம் பங்குனி முடிவதற்குள் கரைந்துவிட்டது. மாமியார் உயிரோடு இருந்தபோதாவது இது என்றைக்காவது முடியும் என்று ஒன்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இனிச் சாகிறவரை இதுதான் என்று தோன்றியபோது, அவளுக்கு வாய்விட்டு அழக்கூடத் தெம்பில்லை.

நாச்சிமுத்து வாய் சிக்கனமானவனே தவிர கண் சிக்கனமானவன் இல்லை. ஒரு நாள் அடுப்படியில் நின்று, "ஆருக்குப் புள்ள ரண்டு கிண்ணம்?" என்று கேட்டான். அவள் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அவன் அம்மா அல்லவா.

மறுநாள் பங்காளி மருதாசலத்தைக் கூட்டிவந்தான். மருதாசலம் கருப்பணார் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் பூசாரி, மற்ற நாளெல்லாம் கடலைக்காட்டில் களை வெட்டுகிறவன். உடுக்கை, வேப்பிலை ஒன்றும் கொண்டுவரவில்லை. மேற்கு அறைக்குள் ஒரு தரம் போய்விட்டு வந்து, வாசல் வேம்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கடைசியா அவிங்க கிட்ட என்ன அம்மணி சொன்னே?"

ராமாயி புருஷனைப் பார்த்தாள். மூன்று மாதமாக அவள் வயிற்றில் கல்லாகக் கிடந்தது அதுதான். தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அவனிடமும்.

"கூப்பிட்டாங்க. இருங்க அத்தை, வாரேன்னு சொன்னனுங்க."

"போனியா?"

"இல்லீங்க."

பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னாள். தை மாதம் அன்றைக்கு மூன்றாம் தரமாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உச்சிப் பொழுது. உள்ளேயிருந்து குரல் வந்தது. தண்ணீர் கேட்கிற குரல் இல்லை, புரட்டச் சொல்கிற குரல் இல்லை, வெட்கப்பட்ட குரலும் இல்லை. அதுவரை கேட்டிராத நாலாவது ஒரு சாமி. வழக்கம்போல் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்திருக்கவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, இரண்டு காலையும் வாய்க்கால் தண்ணீரில் விட்டாள். தண்ணீர் குளுகுளுவென்று இருந்தது. இன்னும் இரண்டு தரம் குரல் வந்தது. அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். ஒரு பாத்தி நிறைகிற நேரம். நாலு வருஷத்தில் அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த ஒரு பாத்தி நேரம்தான். எழுந்து போனபோது மாமியார் போய்விட்டாள். கண் மட்டும் திறந்து, வாசலைப் பார்த்தபடி இருந்தது.

நாச்சிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"அம்மா இருக்கறப்ப நானும் கேட்டிருக்கறேன் ராமாயி" என்றான். "எத்தனையோ நாளு. கேக்காத மாதிரி மாட்ட ஓட்டிட்டுப் போயிருக்கறேன்."

பதினாறு வருஷத்தில் அவன் அவளிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. ராமாயிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மருதாசலம் அவள் அழுது முடிக்கிறவரை காத்திருந்தான். "இருங்கன்னு சொன்னே, இருக்கறாங்க" என்றான். "அவிங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீ வருவீன்னு காத்துட்டு இருக்கறாங்க."

என்ன செய்ய வேண்டும் என்று நாச்சிமுத்து கேட்டான்.

"பூசையெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அம்மணி வாயில இருங்கன்னு வந்துச்சு. அதே வாயில போங்கன்னு வரோணும். அந்த நாலாவது கொரலு வாரப்ப, பக்கத்துல போயி ஒக்காந்து சொல்லோணும். ஒரே ஒருக்காத்தான். ரண்டாவது வார்த்தை ஏறாது."

கேட்பதற்கு இவ்வளவுதானா என்றிருக்கும். ராமாயிக்கு அது மலையாக இருந்தது. பெரியவர்களைப் பார்த்துப் போங்க என்று அவள் ஆயுளில் சொன்னதில்லை. பிச்சைக்கு வந்தவரைக்கூட அப்படிச் சொன்னதில்லை. கிணற்றடியில் நின்று சொல்லிப் பார்த்தாள். "போங்க." வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. தொழுவத்தில் மாட்டைப் பார்த்துச் சொன்னாள், உலக்கை குத்தும்போது ஒவ்வொரு குத்துக்கும் சொன்னாள். நாலைந்து நாளில் நாக்கு பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

சித்திரை பிறந்து ஏழாம் நாள். அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு குரலும் வரவில்லை. ராமாயிக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலுக்குத் துவைத்த துணி விரித்தாள். மாமியாரின் சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் தலைமாட்டில் வைத்தாள். மருதாசலமும் நாச்சிமுத்துவும் வேம்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் போய்த் துவைக்கிற கல்லில் நின்றாள். அதே நேரம், அதே இடம். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

நிழல் காலடியில் சுருங்கியது.

மாடு அசைபோடுவதை நிறுத்தியது.

"சாமி."

நாலாவது குரல்.

இந்தத் தரம் அதன் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. தண்ணீரும் வேண்டாம், துணியும் வேண்டாம். பக்கத்தில் வந்து இரு என்கிற குரல். அன்றைக்கு மாமியார் அவ்வளவுதான் கேட்டிருந்தாள்.

ராமாயி ஓடினாள். பதில் சொல்லாமல் ஓடினாள். மேற்கு அறையில் வாசம் கண்ணைக் கரித்தது. கட்டில் கயிறு தொய்ந்து, நடுவில் ஆள் அளவுக்குக் குழிந்திருந்தது. கட்டிலோரம் மண்டியிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முந்தானை இழுபட்டது. இடது பக்கத்திலிருந்து. அதே பிடி.

பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் மாமியாரின் மேல் பிரியம்தான் பொங்கிக்கொண்டு வந்தது.

"அத்தை, அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சுங்க" என்றாள். "கேட்டுட்டுத்தான் ஒக்காந்திருந்தேன். உங்க மேல கோவமில்லீங்க. காலு கெஞ்சுச்சு, அவ்வளவுதானுங்க."

முந்தானைப் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

இதுதான் நேரம். ராமாயி கண்ணை மூடிக்கொண்டாள். பிரியமானவர்கள் வாசலில் நிற்கிறார்கள், வழியனுப்ப வேண்டும், அது ஒன்றுதான் மனசில் இருந்தது. வாயைத் திறந்தாள். வார்த்தை தானாக வந்தது.

சொன்னதும் பிடி விட்டுப்போயிற்று. கட்டில் கயிறுகள் ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டு மேலே எழுந்தன. ஒருவர் எழுந்து போனபிறகு கட்டில் விடுகிற சத்தம். வாசலில் கிடந்த சருகு ஒன்று புரண்டு களத்தைத் தாண்டிப் போயிற்று. வாசம் இல்லை. வேப்பம்பூவின் வாசம் மட்டும் ஜன்னல் வழியாக வந்தது.

ராமாயி வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே நாச்சிமுத்துவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றான். அவளுக்குப் பசித்தது. மூன்று மாதத்தில் முதல் தரமாக நன்றாகப் பசித்தது.

"சொல்லிட்டியா?" என்று கேட்டான் மருதாசலம்.

"சொல்லிட்டனுங்க. போயிட்டாங்க."

"எப்படிச் சொன்னே? சொன்ன மாதிரியே சொல்லு பாக்கலாம்."

ராமாயி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"போயிட்டு வாங்க அத்தைன்னு..."

பாதியில் அவள் சிரிப்பு நின்றது. பிறந்ததிலிருந்து வாசலில் யாரை அனுப்பினாலும் சொல்கிற வார்த்தை. வேறு மாதிரி யாரும் சொல்வதில்லை. மருதாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். ஒரே ஒருக்காத்தான் என்று அவன்தான் சொல்லியிருந்தான். மறுபடி அதைச் சொல்லவில்லை. சருகு போன திசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி போய்விட்டான்.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. உச்சிப் பொழுதுகள் உச்சிப் பொழுதுகளாகவே இருந்தன. கட்டிலைப் பிரித்து, கயிற்றை எரித்து, சட்டத்தை விறகாக்கினான் நாச்சிமுத்து. ராமாயிக்கு மறுபடி முகத்தில் சதை வைத்தது. ஆவணி மாதம் நாள் தள்ளிப்போனது. பதினாறு வருஷம் கழித்து.

அவர்கள் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மறு வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. சங்ககிரி நங்கையாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, குழந்தையை எப்படி வளர்ப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். இறந்துபோன தாத்தா பாட்டி பேரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பது வழக்கம் என்று பொன்னாத்தாள் என்றே பேர் வைத்தார்கள். அழாத குழந்தை. வந்து பார்த்தவர்களெல்லாம் அதைத்தான் மெச்சினார்கள். ராமாயி அந்த வெண்கலப் பாலாடையைப் புளி போட்டுத் துலக்கி எடுத்தாள். யாருக்கென்று வைத்திருந்ததோ அவருக்கே போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குக் கண் கலங்கியது. எல்லோரும் குழந்தையைச் சாமி, சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். ராமாயியும்தான்.

குழந்தைக்கு வயசு ஒன்று முடிகிற சமயம். நாச்சிமுத்து சோறு உண்ண வந்தவன், மேற்கு அறையில் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். ராமாயி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நல்ல வெயில். வெளியே ஒரு காக்கைகூட இல்லை.

"சாமி."

குழந்தையின் முதல் சொல். நாச்சிமுத்து சத்தம் போட்டுச் சிரித்தான். எல்லாரும் சாமி சாமின்னு கூப்பிட்டா அதுக்கு வேற என்ன வரும் என்று அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னான். அவனுக்கு அது வெறும் சொல்.

கடைசி எழுத்து மேலே ஏறியிருந்தது.

"இருங்க அத்தை, வாரேன்" என்றாள் ராமாயி.

நாச்சிமுத்துவின் சிரிப்பு நின்றது.

அவள் பாலாடையில் தண்ணீரோடு வந்தாள். பழகிய கை. குழந்தையின் தலையைத் தூக்கிப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி உள்ளே போயிற்று. பாதி வலது கடைவாயில் வழிந்தது. ராமாயி அதை முந்தானையால் துடைத்தாள். குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, இடது கையை நீட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

உலை கொதித்து அடுப்பு அணைகிறவரை அந்தப் பிடி விடவில்லை.